உள்ளே சுருண்ட முடி

என் கணவர் கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். நிக்காஹ் முடிந்து இரண்டு மாதம் தென்காசியில் என்னோடு இருந்தார். பிறகு கப்பலேறிப் போனவர் இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்பினார். அந்த இரண்டு வருடமும் அவர் வீட்டில் நானும் மாமியும் மட்டும்தான். மாமனார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தொரு வயது.

மாமி அதிகம் பேச மாட்டாள். பக்கத்து நெசவுக்காரர்களுக்குத் தறியில் வைக்கிற நூலைத் தார் சுற்றிக் கொடுப்பாள். நானும் உட்கார்ந்து சுற்றுவேன். ஒரு பகல் முழுக்க ராட்டினச் சத்தம் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும். என்மேல் அவளுக்குப் பிரியமா வெறுப்பா என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

அடுப்படிக்குப் பின்னால் ஓலைத் தட்டி வைத்து மறைத்த குளிக்கிற இடம். அங்கே சுவரில் செங்கல் பெயர்ந்த பொந்து ஒன்றில், காகிதத்தில் சுற்றி ஒரு பிளேடு இருக்கும். மாமிக்கும் எனக்கும் அது ஒன்றுதான். ஓரம் துருவேறிப் போயிருந்தது. எங்கள் மார்க்கத்தில் மறைவிடத்து முடியை நாற்பது நாளுக்கு மேல் விடக்கூடாது என்று உண்டு. ஆனால் அதை எப்படி எடுக்க வேண்டும் என்று எந்தப் பெண்ணும் எந்தப் பெண்ணுக்கும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் உம்மா என் கையில் ஒரு பிளேடைக் கொடுத்து, “உள்ள போயி சுத்தம் பண்ணிட்டு வா” என்று கதவைச் சாத்தினாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

அவர் வருகிறார் என்று தகவல் வந்தபோது சாரல் தொடங்கியிருந்தது. வருவதற்கு நாலைந்து நாள் முன்பு நான் தட்டிக்குள் போனேன். இரண்டு வருடம் கழித்து வருகிற ஆள். குறை சொல்ல எதுவும் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். தொடையிடுக்கில் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி படிந்திருக்கிற திசைக்கு எதிராக, கையால் தடவினால் வழுவழுவென்று இருக்கும்வரை மழித்தேன். தண்ணீர்கூட அதிகம் ஊற்றவில்லை. இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் கசிந்தது. சாம்பலை அப்பிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாளே எனக்கு மாதத் தூரம் வந்தது. அந்தக் காலத்தில் தறியில் மிஞ்சுகிற முரட்டுத் துணியைத்தான் மடித்து, அரையில் கயிறு கட்டி வைத்துக்கொள்வோம். நடக்கும்போது அது இரண்டு பக்கமும் தொடையிடுக்கை அராவும். வழக்கமாகத் தாங்கிக்கொள்கிற அராவல்தான். இந்த முறை பச்சைத் தோலில் உரசியது. கடுகு கடுகாகச் சிவந்து கிளம்பியது. பிறகு மிளகளவு ஆயிற்று. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் தோலுக்கடியில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அரிப்புத் தாங்காமல் ஊக்கால் குத்தித் தோண்டினேன். அது அடங்குவதற்குப் பதிலாகப் பெருத்தது.

அவர் வந்தார். எனக்கு ஒரு சேலையும் வாசனை சோப்பும் கொண்டுவந்திருந்தார். நான் தூரம் என்று சொல்லித் தள்ளி இருந்தேன். உடம்பு சுத்தமான மறுநாள், “குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம், போயிட்டு வருவோம்” என்றார். மாமியும் கிளம்பினாள். விடியற்காலையில் குதிரை வண்டி பேசிப் பழைய குற்றாலத்துக்குப் போனோம். ஆண்கள் கூட்டம் வருவதற்கு முன்னால் பெண்கள் குளித்துவிட வேண்டும் என்பது மாமியின் கணக்கு. பாறைக்குப் பின்னால் நின்று தலை முதல் கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டோம். நான் அந்தப் புண்ணிலும் சேர்த்துத் தேய்த்தேன். அருவி எல்லா நோயையும் கழுவிவிடும் என்றுதானே சொல்வார்கள். ஒரு மணி நேரம் தண்ணீரில் நின்றோம். சேலை மாற்றச் சரியான மறைவு கிடைக்காமல், ஈரத்தோடேயே வண்டியில் உட்கார்ந்து தென்காசி வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் ஈரப் பாவாடை தொடையில் ஒட்டி உரசிக்கொண்டே வந்தது.

மறுநாள் எழுந்தபோது வலதுபக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அதற்கு மேலே, வயிறும் தொடையும் சேர்கிற மடிப்பில், உருண்டையாக இன்னொன்று. காலை நீட்டினால் வலி உச்சிக்கு ஏறியது.

அன்றைக்குச் சாப்பிட்ட பிறகு, பகல் வெளிச்சத்தில், அவர் அதைப் பார்த்தார்.

எழுந்து போய்ச் சன்னல் ஓரமாக நின்றார். பிறகு கேட்டார்.

“எத்தன நாளா இருக்கு இது?”

“ஒரு வாரமா. பிளேடு பட்டு...”

“பிளேடு பட்டா இப்பிடி வராது. நான் பாத்திருக்கேன்.”

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. கூட்டாளி ஒருவரின் கடையில் படுத்துக்கொண்டாராம். காலையில் வந்து, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, நான் கேட்கும்படியே மாமியிடம் சொன்னார்.

“உம்மா, இவளுக்கு அரையாப்புக் கட்டி. கெட்ட சீக்கு. நான் இல்லாத நேரத்துல எவனோ வந்து போயிருக்கான்.”

மாமி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். பாயில் படுக்கச் சொன்னாள். சன்னலை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். பெற்ற தாய்க்கும் காட்டாத இடம் அது. எனக்குக் கண்ணை மூடிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

“எவனாவது வந்தானாட்டி?”

“இல்ல மாமி.”

“அல்லா அறிய சொல்லு.”

“அல்லா அறிய இல்ல மாமி. நான் எங்கன போனேன்? உங்க கூடத்தான இருக்கேன்?”

அவள் சேலையை இழுத்து என்னை மூடிவிட்டாள். வெளியே போய் மகனிடம் கேட்டாள்.

“அரையாப்புன்னு ஒனக்கு எப்பிடிலே தெரியும்?”

“கொழும்புல என்கூட ரூம்ல இருந்தவனுக்கு வந்துச்சி.”

“கூட இருந்தவன் சாரத்தத் தூக்கி ஒனக்குக் காட்டுனானாலே?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே இறங்கினார். அன்றைக்கே என் பிறந்த ஊரான கடையநல்லூருக்கு ஆள் அனுப்பி என் காக்காவை வரவழைத்தார். காக்கா என்றால் என் அண்ணன். வாப்பா இல்லாத எங்கள் வீட்டுக்கு அவன்தான் பொறுப்பு. அவன் வந்து முன்கூடத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “ஜமாஅத்துல வச்சிப் பேசிக்கிடுவோம்” என்று என் கணவர் சொன்னதற்கு, “சரி மச்சான்” என்றான். அந்தச் ‘சரி’ என் காதில் விழுந்தது.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி எழுதுவது எனக்குச் சிரமம். காய்ச்சல் அடித்தது. தெருவில் விஷயம் பரவிவிட்டது. துணி வெளுக்கிறவள் என் பாவாடையை ஒரு குச்சியால் தூக்கித் தனியாகப் போட்டாள். பக்கத்து வீட்டில் எங்கள் கிணற்று வாளியை வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள். இதையெல்லாம்விடக் கொடுமை, என் உடம்பை நானே சந்தேகப்பட ஆரம்பித்ததுதான். யாராவது உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டதோ, வாங்கிக் கட்டிய பழைய துணியிலிருந்து வந்ததோ, நான் செய்யாத பாவத்துக்கு இது வந்திருக்கிறதோ என்றெல்லாம் ஓடியது. எப்படியாவது கட்டியை உடைத்துவிட்டால் போதும் என்று புறவாசலில் நின்ற எருக்கஞ்செடியை ஒடித்து அந்தப் பாலை வைத்தேன். கட்டி உடையவில்லை. சுற்றியிருந்த தோல் வெந்து உரிந்தது. நான் வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்ததை மாமி பார்த்துவிட்டாள்.

“கிறுக்கு முண்ட” என்று திட்டினாள். பிறகு தன் துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மகனைக் கூப்பிட்டாள்.

“குத்தாலத்துல ஒரு மலையாளத்து டாக்டரம்மா இருக்கா. கூட்டிட்டுப் போறேன். நீயும் வா.”

“நான் எதுக்கு?”

“நீதான சீக்குன்னு சொல்லுத? அவ வாயால கேளு. கேட்டுட்டு ஜமாஅத்துக்குப் போ.”

டாக்டர் வீடு ஐந்தருவிக்குப் போகிற பாதையில் இருந்தது. இரண்டு அறை. முன்னறையில் நோயாளிகள், பின்னறையில் அவர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, நரைத்த கொண்டை. ஸ்டவ்வில் ஒரு தட்டில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. என் கணவர் வெளியே பலாமரத்தடியில் நின்றுகொண்டார். நானும் மாமியும் உள்ளே போனோம்.

“பேடிக்கண்டா மோளே, பயப்படாத” என்றார் அந்த அம்மா. விளக்கைக் கிட்டே வைத்துப் பார்த்தார். எருக்கம்பால் வெந்த இடத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்து நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு சின்னக் கத்தியால் ஒரு கீறு கீறினார். சீழும் ரத்தமும் வந்தன. நான் மாமியின் கையைப் பிடித்திருந்தேன். அவள் விரல்களை முறித்துவிடுவது போலப் பிடித்திருப்பேன், அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் டாக்டர் ஊசி முனையால் எதையோ நெம்பி, சாவணத்தால் இழுத்து, பஞ்சின்மேல் வைத்து மாமியிடம் நீட்டினார்.

ஒரு முடி. மரவட்டை சுருண்டாற்போலச் சுருண்டு கிடந்தது.

“இதாணு உங்க சீக்கு” என்றார். “ஒட்ட மழிச்சா முடியோட முனை தோலுக்குள்ள போயிரும். வெளிய வர வழி இல்லாம உள்ளயே வளைஞ்சு வளரும். உடம்பு அத முள்ளு தச்ச மாதிரி நினைக்கும். அதுமேல எண்ணெயும் ஈரமும் பட்டுச் சீழ் பிடிச்சிருக்கு. மேல இருக்கற உருண்டை நெறி கட்டினது. கால்ல முள்ளு குத்தினாலும் அங்க நெறி கட்டும், இல்லையா?”

“கட்டும்” என்றாள் மாமி.

டாக்டர் வேறு புண் ஏதும் இருக்கிறதா என்று முழுக்கப் பார்த்தார். என்னிடம் பல கேள்விகள் கேட்டார். பிறகு மாமியிடம், “உங்க மருமகளுக்குக் கெட்ட நோய் ஒண்ணும் இல்ல” என்றார்.

“அத நீங்களே அவன்கிட்ட சொல்லுங்கம்மா. அரையாப்பு பாத்திருக்கேன்னு சாதிக்கான், நான் சொன்னா எடுபடாது.”

என் கணவரை உள்ளே கூப்பிட்டார்கள். நான் ஒரு தட்டிக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன். டாக்டர் அவரிடம் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். பஞ்சையும் காட்டியிருப்பார் போல. பிறகு டாக்டர், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், “அரையாப்பு பார்த்திருக்கேன்னு சொன்னீங்களாமே. உங்களுக்கு எப்பவாவது வந்ததுண்டா? இருந்தா சொல்லுங்க. இப்ப நல்ல மருந்து இருக்கு. ரத்தம் எடுத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பிப் பார்த்துக்கலாம்” என்றார்.

“எனக்கு ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா நல்லது. பார்த்தா உறுதியாத் தெரியுமே.”

செருப்புச் சத்தம் கேட்டது. வாசலைத் தாண்டிப் பாதையில் இறங்கிவிட்டார். மாமி எழுந்து வாசல்வரை போய், “ஏலே, ஏலே” என்று இரண்டு முறை கூப்பிட்டாள். அதற்குள் அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மாமி திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் அவள் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்: “அவன் ரத்தம் பார்க்காம இந்தப் பொண்ண அவன்கூட விடாதீங்க.”

புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் சில நாள் தொடர்ந்து பென்சிலின் ஊசி. பிறகு நீல மருந்து. வீட்டில் காலையிலும் மாலையிலும் சூடு பொறுக்கிற வெந்நீரில் சுத்தத் துணியை நனைத்து ஒத்தடம். கட்டுப் போடப் போகும்போதெல்லாம் டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒருவர் பிளேடை இன்னொருவர் தொடக்கூடாது. துருப்பிடித்ததைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மழித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் வெந்நீர் ஊற்றி முடியை மெத்தென்று ஆக்கிக்கொண்டு, சோப்பு போட்டு, முடி படிகிற பக்கமாகவே, தோலை இழுக்காமல் மழிக்க வேண்டும். வழுவழுப்புக்கு ஆசைப்படக்கூடாது. மழித்த இடத்தில் எண்ணெய் கூடாது. ஈரத் துணியோடு இருக்கக்கூடாது. தூரத்துக்கு நைந்து மெத்தென்றான பழைய வேட்டித் துணி வேண்டும், அதைத் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். பரு கிளம்பினால் நகத்தால் கிள்ளக்கூடாது, ஊக்கால் தோண்டக்கூடாது, ஒத்தடம் கொடுத்தால் முடி தானே தலை நீட்டும். “இதுக்கெல்லாம் மேல, சின்னக் கத்தரிக்கோல் வெச்சுக் கத்தரிச்சு விட்டாலே போதும்” என்றார்.

மாமிக்கு அதில் ஒரு சங்கடம். மார்க்கத்தில் ஏற்குமா? எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற ஓர் அம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அந்த அம்மா, “சுத்தந்தான் கடம. தோல உரிக்கணும்னு எங்கயும் சொல்லல” என்றாளாம். அதன் பிறகு மாமி சுவர்ப் பொந்திலிருந்த பிளேடை எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தாள். எனக்கொன்று தனக்கொன்று என்று இரண்டு கத்தரிக்கோல் வாங்கி வந்தாள். எனக்கு அந்தத் தொல்லை மறுபடி வரவில்லை. எருக்கம்பால் வெந்த இடத்தில் மட்டும் கறுத்த தழும்பு நின்றுவிட்டது.

டாக்டரிடம் போன அந்த வாரமே என் கணவர் ஜமாஅத் பேச்சை விட்டுவிட்டுக் கொழும்புக்குத் திரும்பினார். போகிற அன்றைக்கு என் அறைக்கு வந்தார். கட்டு மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “உம்மாவப் பாத்துக்க” என்றார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லவில்லை. தெருவில் தான் சொன்னதை யாரிடமும் மாற்றிச் சொல்லவும் இல்லை.

அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஏனென்றால் அப்போது என் தங்கைக்குக் கடையநல்லூரிலேயே ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். என்னைவிட இரண்டு வயது இளையவள். மாப்பிள்ளை வீட்டார், “இப்பத்திக்கு வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினார்கள். காரணம் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. மாமி பஸ் ஏறிப் போய் அந்த வீட்டு வாசலில் நின்று, “டாக்டரே சொல்லியாச்சி, அது முடியால வந்த கட்டி” என்று சொல்லிப் பார்த்தாள். ஒரு மாமியார் மருமகளுக்காக வந்து இப்படிப் பேசினால் மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் வந்த இடமெல்லாம் தட்டிப் போயிற்று. கடைசியில் தங்கையை ராயகிரிப் பக்கம், மனைவி இறந்துபோன, வயதான ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவருக்கு ஏற்கெனவே நாலு பிள்ளைகள்.

மூன்று வருடம் கழித்து என் கணவர் மறுபடி வந்தார். மாமி நடையிலேயே நின்று கேட்டாள்.

“ரத்தம் பாத்தியாலே?”

“வந்ததும் வராததுமா என்ன பேச்சு இது?”

“பாத்தியா, பாக்கலையா?”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். மாமி அவருக்கு முன்கூடத்தில் பாய் விரித்தாள். அவர் இருந்தவரை என்னைத் தன் அறையில், தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். பெற்ற மகனை அப்படி நிறுத்துவது அவளுக்கு லேசாக இருந்திருக்காது. தொழுதுவிட்டு வெகுநேரம் முசல்லாப் பாயிலேயே உட்கார்ந்திருப்பாள். அவர் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார். பிறகு கொழும்பிலேயே ஒரு பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டார் என்று கேள்விப்பட்டோம். மாமி அவர் பேரைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மாமி இறந்தாள். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மய்யித்துக் குளிப்பாட்டும்போது நான்தான் தண்ணீர் ஊற்றினேன். மகன் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? நான் ஜமாஅத்தில் குலா கேட்டேன். பெண்ணே கேட்டு வாங்குகிற விடுதலை அது. திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் காக்காவும் இருந்தான். காரணம் என்ன என்று பெரியவர் ஒருவர் கேட்டார். மாப்பிள்ளை வருவதில்லை என்று சொல்லியிருந்தாலே போதும். காக்காவும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தான். என் வாயில் வேறு வந்தது.

“எனக்குத் தொடையிடுக்குல முடி உள்ள வளந்து கட்டி வந்துச்சி. டாக்டரம்மா கீறி எடுத்தாங்க. அத அவுக கெட்ட சீக்குன்னு ஊரெல்லாம் சொன்னாக. இல்லன்னு தெரிஞ்ச பொறவும் அத மாத்திச் சொல்லல. அதான் காரணம்.”

அந்தப் பக்கம் ஒருவர் இருமினார். யாரோ பாயை விட்டு எழுந்து வெளியே போனார். காக்கா “ஏட்டி” என்று அதட்டினான். பெரியவர் அவனைப் பார்த்து, “இருப்பா” என்றார். பிறகு எழுதிக்கொடுக்கச் சம்மதித்தார்கள். கொழும்புக்குச் சொல்லி அனுப்பி, அங்கிருந்து சம்மதம் வர மாதக்கணக்கில் ஆயிற்று. ஆனாலும் கிடைத்தது.

அதைச் சொல்வதற்காக நான் ராயகிரிக்குப் போனேன். தங்கை தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். மெலிந்து, முன்பல் ஒன்று விழுந்து, என்னைவிட மூத்தவள் போல இருந்தாள். எல்லாரும் இருக்கிற சபையில் நான் சொன்னதை வரி விடாமல் அவளிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இத அன்னைக்கே யாராவது சத்தமா சொல்லியிருக்கலாம்” என்றாள்.

பிறகு, “சாப்பிட்டுட்டுத்தான் போணும், சோறு வடிச்சிருதேன்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.